நிறமா, அசைவா? மணிக்கட்டு உணரிகள் பற்றிய ஓர் ஆய்வின் மறுவாசிப்பு, கிண்ணியாவை முன்வைத்து

மணிக்கட்டில் அணியும் இதயத்துடிப்பு உணரிகள் கருந்தோலில் பிழைபடுகின்றனவா என்ற விவாதம் 2020இல் முடிந்துவிட்டது என்றொரு கருத்து ஆய்வுலகில் வேரூன்றியிருக்கிறது. அவ்வாண்டு டியூக் பல்கலைக்கழகத்தின் பென்ட் முதலானோர் வெளியிட்ட ஆய்வே அதற்கு ஆதாரம். தோல்நிறம் ஒரு பொருட்டன்று, ஆகவே இக்கருவிகள் எவர் கையிலும் ஒன்றுபோலவே அளக்கும் என்பது அக்கருத்தினரின் முடிவு. முதற்கூற்றை ஏற்றாலும் இரண்டாம் கூற்று அதிலிருந்து பிறக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆய்வு சொல்வதைப் பிரித்துப் பார்க்கலாம். 53 பேர், ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலின் ஆறு தோல் வகைகள், ஆறு கருவிகள், ஒப்பீட்டுக்கு ஈசிஜி. ஓய்வு, ஆழ்ந்த மூச்சு, நடை, தட்டச்சு ஆகிய நிலைகளில் துடிப்பு பதியப்பட்டது. தோல் வகைகளுக்கிடையே புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆனால் உடல் இயங்கும்போது நேர்ந்த பிழை, ஓய்வில் நேர்ந்ததைவிடச் சராசரியாக 30 சதவீதம் அதிகம்.

முதல் முடிவையே எடுத்துக்கொள்வோம். 53 பேரை ஆறாகப் பகிர்ந்தால் வகைக்கு ஒன்பது பேர்கூடத் தேறமாட்டார்கள். இத்தனை சிறிய குழுக்களில் வேறுபாடு தென்படாமை, வேறுபாடு இல்லை என்பதற்குச் சான்றாகாது. அளவுகோலும் வேறொரு தேவைக்காகப் பிறந்தது. புறஊதாக் கதிர்ச் சிகிச்சையின் அளவைத் தீர்மானிப்பதற்காக, வெயிலில் தோல் சிவக்கிறதா கறுக்கிறதா என்று கேட்டு 1975இல் அது உருவாக்கப்பட்டது. பழுப்பு, கறுப்புத் தோல்களுக்குரிய வகைகள் பின்னரே சேர்ந்தன. உணரியின் பச்சை ஒளியை மெலனின் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை அளப்பது அதன் நோக்கமன்று. மேலும், 60 பேரிடம் ஏழு கருவிகளைச் சோதித்த 2017ஆம் ஆண்டின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு, கருந்தோலில் பிழை கூடுவதாகவே கண்டது. பிந்தியது என்பதாலேயே 2020ஆம் ஆண்டு ஆய்வு முந்தியதை இல்லாமலாக்கிவிடாது. நிறம் பற்றிய வழக்கு இன்னும் திறந்தே இருக்கிறது என்பதற்கு மேல் நான் செல்லவில்லை.

என் முதன்மை மறுப்பு அசைவைப் பற்றியது. உணரி துடிப்பை நேரே எண்ணுவதில்லை. தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, குருதியின் அளவு ஏறி இறங்குவதற்கேற்பத் திரும்பும் ஒளி கூடிக் குறைவதைக் கணிக்கிறது. கை அசைந்தாலும் அந்த ஒளி மாறும். முடுக்கமானியைக் கொண்டு கருவி அசைவைக் கழிக்க முயல்கிறது. ஆனால் அசைவு சீரான தாளத்தில் வரும்போது அதையே துடிப்பென்று எடுத்துக்கொள்ளவும் கூடும். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில் பிழை மிகக் குறைந்தது சைக்கிளில், மிகக் கூடியது நடையில். பிடியைப் பற்றிய கை பெரிதும் அசைவதில்லை. நடப்பவரின் கை வீசுகிறது. இந்த வேறுபாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இனி இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கிண்ணியாவுக்கு வருவோம். 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் பாலத்தில் காலையில் நடப்பவருக்கு டியூக் ஆய்வு ஓரளவு பொருந்தும். அந்திநேரம் காற்பந்து ஆடும் இளைஞருக்கு? கரைவலை இழுப்பவருக்கு? கரைவலையில் விரல்கள் கயிற்றை இறுக்கிப் பிடிக்கின்றன, மணிக்கட்டு மடங்குகிறது, வியர்வையில் பட்டி வழுக்குகிறது. வலையிழுப்போர் பாடும் அம்பாப் பாடலின் தாளத்துக்கு இழுத்தால் அசைவும் தாளத்தில் விழுகிறது. கருவியைக் குழப்பக்கூடிய காரணங்கள் யாவும் ஒரே கையில் கூடுகின்றன. நடையும் தட்டச்சும் இந்தக் கையைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

வலையிழுப்பது தொழில், உடற்பயிற்சியன்று என்று சிலர் சொல்லக்கூடும். இதயத்துக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. புதிய கருவிகள் திருந்திவிட்டன என்பாரும் உளர். அவற்றின் கணிப்புமுறைகள் பெரும்பாலும் நிறுவனங்களின் இரகசியம். திருத்தத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு விற்பவருடையது.

இக்கருவிகளைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. அமைதியாக இருக்கையில் காலையில் பார்த்த எண்ணை, அதே ஆள் அதே நிலையில் மறுநாள் பார்த்த எண்ணோடு ஒப்பிடுவது பயனுள்ளது. உழைப்பின் நடுவே காட்டும் எண்ணை நம்பிப் பயிற்சியைக் கூட்டுவதும், மார்பு இறுகும்போது அந்த எண்ணைப் பார்த்து ஆறுதல் கொள்வதும் ஆபத்து. கலோரிக் கணக்குக்கு இந்த அளவு மதிப்புக்கூட இல்லை. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 சதவீதம் பிழைபட்டது; மிக மோசமானது 93 சதவீதம்.

தேவைப்படுவது கிழக்குக் கரையின் வெயிலிலேயே நடத்தப்படும் ஒரு சோதனை. மார்புப் பட்டி ஈசிஜியை ஒப்புநோக்காக வைத்து, வலையிழுப்பு, வயல்வேலை, காற்பந்து ஆகியவற்றைத் தனித்தனியே அளக்கவேண்டும். நிறத்தை ஒளியளவியால் அளக்கவேண்டும். எந்தெந்த அசைவைச் சோதிக்கிறோம் என்பதை உழைப்பவரிடம் கேட்டுத் தீர்மானிக்கவேண்டும். அதுவரை, இக்கருவிகள் எல்லோருக்கும் ஒன்றுபோல அளக்கின்றன என்று எழுதும் உரிமை ஆய்வுலகுக்கு இல்லை.