மண்பாவையும் மண்ணின் சான்றும்

தொல்பொருளாய்விற் பெரிதும் புறக்கணிக்கப்பட்டு வந்தவற்றுள் சுடுமண் பாவைகளும் அடங்கும். கல்வெட்டு மன்னனின் பெயரைக் கூறும். நாணயம் அவனது ஆட்சிக் காலத்தைக் காட்டும். மண்ணாற் செய்யப்பட்ட சிறு பாவையோ பெயரும் காலமும் தாங்கி வருவது அரிது. ஆயினும் சிற்றூர் மக்களின் வழிபாட்டையும் அச்சங்களையும் வேண்டுதல்களையும் அறிய விழைவோர்க்கு அதனினும் நெருங்கிய சான்று வேறில்லை. அச்சான்றின் பயன் பாவையின் உருவத்தில் மட்டும் தங்கியிருப்பதன்று. அது மண்ணிற் கிடந்த நிலையிலேயே பெரிதும் தங்கியுள்ளது. இவ்வுண்மையைக் கிரேக்க நாட்டு ஆய்வு வரலாறு தெளிவுற உணர்த்துகின்றது.

கிரேக்கத்தின் போயோத்தியாப் பகுதியிலுள்ள தனக்ரா என்னுமிடத்தில் 1870ஆம் ஆண்டளவில் பழைய கல்லறைகள் தோண்டப்பட்டன. ஆடை போர்த்து நிற்கும் மகளிரின் அழகிய பாவைகள் அங்கு பெருந்தொகையாக வெளிப்பட்டன. இவற்றுட் பல கி.மு. 4ஆம், 3ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அச்சில் மண்ணை அழுத்தி, உட்குடைவாக ஆக்கி, சூளையில் வெடிக்காதிருக்க முதுகுப் புறத்தில் துளையிட்டு, வெண்பூச்சின்மீது வண்ணந் தீட்டி அவற்றைக் கைவினைஞர் உருவாக்கினர். ஐரோப்பியச் செல்வர் அவற்றை விரும்பி வாங்கவே, கல்லறைகள் சூறையாடப்பட்டன. போலிப் பாவைகளும் சந்தையை நிறைத்தன. எந்தப் பாவை எவருடைய கல்லறையில், எப்பொருள்களுடன் இருந்தது என்ற செய்தி பெரும்பாலும் அழிந்துபோயிற்று. எனவே இம்மகளிர் தெய்வங்களா, மானிடரா என்னும் வினா நெடுங்காலம் விவாதத்துக்குரியதாயிற்று.

இதற்கு மாறானது தென் இத்தாலியிலிருந்த கிரேக்கக் குடியேற்றமான லோக்ரியின் வரலாறு. அங்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாவோலோ ஓர்சி முறையான அகழ்வை மேற்கொண்டார். பெர்செபொனி என்னும் தெய்வத்துக்குக் காணிக்கையாக்கப்பட்ட சுடுமண் பலகைகள் உடைந்த நிலையிற் குவியலாகக் கிடைத்தன. காணிக்கையாகிய பொருள் மீண்டும் உலகியற் பயன்பாட்டுக்கு வராதவாறு உடைத்துக் கோயிலெல்லைக்குள் புதைக்கப்பட்டது என அறிஞர் விளக்கினர். கிடந்த நிலை பதிவாகியமையால் உடைவுதானே சான்றாயிற்று.

இவ்விரு படிப்பினைகளும் இலங்கைக்கு நன்கு பொருந்துவன. புத்தளம் மாவட்டத்துத் தப்போவையிலும், வில்பத்துக் காட்டகத்து மரதன்மடுவையிலும் மனித உருவங்கள், விலங்குருவங்கள், நாகபடங்கள் முதலிய சுடுமண் பொருள்கள் கிடைத்தன. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல இவற்றை ஒரு தொகுதியாகக் கொண்டு, அவ்விரு ஊர்களின் பெயரால் ஒரு பண்பாடு எனக் குறித்தார். பின்னர் உலர்வலயத்தின் வேறு இடங்களிலும் இத்தகையன அறியப்பட்டன. 1988இல் தொடங்கிய சீகிரியா-தம்புள்ளை குடியிருப்புத் தொல்லியலாய்வின்போது, மாத்தளை மாவட்டத்தின் இலுக்வெவப் பாவைகளும் ஆராயப்பட்டன.

பண்பாடு என்னும் பெயர் சூட்டப்பட்டதும், அதற்குரிய மக்கள் யாவர், அவர் பேசிய மொழி யாது என்ற வினாக்கள் எழுதல் இயல்பே. இந்நாட்டின் சூழலில் அவ்வினாக்கள் வெறும் ஆய்வு வினாக்களாய் நின்றுவிடுவதில்லை. உரிமை கோரும் குரல்களாகவும் மாறிவிடுகின்றன. ஆனால் ஒரே வகைப் பாவையைச் செய்தவரெல்லாம் ஒரே இனத்தவர் என்பதற்கு மண் சான்று பகர்வதில்லை. அனுராதபுரத்தின் புறநிலப் பகுதியில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில் ரொபின் கனிங்ஹாம் குழுவினரும் இலங்கை ஆய்வாளரும் நிக்கவெவ என்னுமிடத்தை அகழ்ந்தனர். 2012இல் வெளிவந்த அவர்தம் கட்டுரை, பாவைகளை அவை கிடைத்த சூழலில் வைத்து நோக்குதலையே முதன்மையாகக் கொண்டது. பௌத்த விகாரைகள் நிறைந்த அந்நிலப்பரப்பில் வேறு வழிபாட்டு மரபுகளும் உடனிருந்தன என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

தமிழகத்து வழக்கமொன்று இங்கு ஒப்புநோக்கத்தக்கது. ஐயனாருக்குப் புரவியெடுக்கும் ஊர்களில், ஊரார் பிடிமண் கொடுத்த பின்னரே வேளார் குதிரைகளை வனையத் தொடங்குவர். விழா முடிந்தபின் அக்குதிரைகள் கோயிற் புறத்தே நின்று, வெயிலிலும் மழையிலும் சிதைந்து, மண்ணோடு மண்ணாகின்றன. பாவையின் வாழ்வு சூளையில் முடிவதில்லை. செய்தல், படைத்தல், கைவிடுதல் என்பன அனைத்தும் ஒரே வழிபாட்டின் படிகள் என்பதை இது விளக்கும். எனினும் இவ்வொப்புமை விளக்கத்துக்குத் துணையாகுமேயன்றி, இலங்கைப் பாவைகளைச் செய்தவர் தமிழரென நிறுவும் ஆதாரமாகாது. இலங்கையிற் கிடைத்தவற்றைச் சிங்களவர்க்கே உரியன எனக் கொள்வதற்கும் இவ்வெச்சரிக்கையே பொருந்தும்.

இனி, மாத்தளை மாவட்டத்தின் கிழக்கேயுள்ள வில்கமுவவை எண்ணிப் பார்க்கலாம். வஸ்கமுவக் காட்டையடுத்த வேளாண் நிலம் அது. இத்தகைய உலர்வலய ஊர்களிற் குளத்தைத் தூர்வாருவதும், வாய்க்கால் வெட்டுவதும், காணி திருத்துவதும் வாழ்வின் தேவைகள். அவ்வேலைகளின்போது மண்வெட்டியிற் படும் பாவைத் தலையொன்றை வீட்டுக்கு எடுத்துச் செல்பவர் தீங்கு நினையாதவராயிருக்கலாம். ஆனால் அவ்விடத்திற் கிடந்த உடைந்த கை, சாம்பல், மட்கலத் துண்டு ஆகியவற்றோடு அதற்கிருந்த தொடர்பு அக்கணமே அறுந்துவிடுகின்றது. தனக்ராவில் செல்வரின் ஆசை விளைத்த இழப்பை இங்கு அறியாமையே விளைத்துவிடும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் தொல்பொருள்களுக்குக் காப்பளிக்கின்றது. எனினும் சட்டம் மண்வெட்டியை எட்டுமுன் ஊராரின் அறிவு எட்டவேண்டும்.

அவ்வறிவைப் பரப்புதல் பல்கலைக்கழகத்தாரின் கடமையாகும். கிடைத்த பொருளை அசைக்காது அறிவித்தலும், இடத்தையும் ஆழத்தையும் குறித்து வைத்தலும் பெருஞ்செலவு வேண்டாப் பணிகள். பாவை எவருடையது என்று வழக்காடுமுன், அது எங்கே, எதனோடு, எந்நிலையிற் கிடந்தது என வினவப் பழகுதல் வேண்டும். அவ்வொழுங்கில் வினவுவோர்க்கே மண் விடை தரும்.