மருத்துவத் துறவியர்

இராணிப்பேட்டை என்றவுடன் பலருக்கும் தோல் பதனிடும் தொழிலே நினைவுக்கு வரும். 2019ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டத்தின் தலைநகராகவும் விளங்கும் இப்பாலாற்றங்கரை ஊருக்கு வேறொரு பெருமையும் உண்டு. வேலூர் மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1870ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பிறந்தது இங்கேதான்.

அவர் மருத்துவரான வரலாற்றை நான் பள்ளியில் பலமுறை மாணவியருக்குச் சொன்னதுண்டு. திண்டிவனத்தில் ஓர் இரவு மூவர் ஒருவர் பின் ஒருவராக அவர் வீட்டு வாயிலுக்கு வந்தனர். மூவரின் மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். ஐடாவின் தந்தையார் மருத்துவர். ஆனால் ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொட்டு வைத்தியம் செய்வதற்கு அம்மூவரும் இசையவில்லை. ஐடாவோ அன்று மருத்துவம் கற்றவர் அல்லர். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அந்த இரவே அவரை மருத்துவக் கல்விக்கு அனுப்பிற்று. 1900இல் ஒரே படுக்கையுடன் தொடங்கிய அவருடைய பணி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாக வளர்ந்தது.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவி ஒருநாள் எழுந்து, "ஐயா, நம் ஊர்ப் பக்கத்துக் கன்னியர் மடங்களில் எத்தனையோ சகோதரிகள் இருந்திருப்பார்களே! அவர்கள் ஏன் அந்தத் தாய்மார்களுக்கு வைத்தியம் பார்க்க முன்வரவில்லை?" என்று வினவினாள். அன்று எனக்கு விடை தெரியவில்லை. பின்னர்த் தேடிப் படித்து அறிந்ததையே இன்று நேயர்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

சகோதரிகளுக்கு மனம் இல்லாமல் இல்லை. அவர்களுக்கு விதி இடந்தரவில்லை. கத்தோலிக்கத் துறவியர் மருத்துவத் தொழில் செய்வதை அவர்களுடைய திருச்சபைச் சட்டம் தடுத்திருந்தது. இத்தடை மிகப் பழையது. துறவியர் பொருளாசையால் மருத்துவம் பயிலலாகாது என்று 1139இல் ஒரு சங்கம் விதித்தது. குருமார் அறுவை சிகிச்சை செய்யலாகாது என்று 1215இல் மற்றொரு சங்கம் விதித்தது. 1917இல் தொகுக்கப்பெற்ற சட்ட நூலும், பாப்பரசரின் சிறப்பு அனுமதியின்றித் துறவியர் மருத்துவம் செய்யலாகாது என்றே கூறிற்று. கன்னிமை நோன்பு பூண்டவர்கள் பிரசவம் பார்ப்பது தகாது என்னும் எண்ணமும் இதனுடன் சேர்ந்துகொண்டது. ஆகவே, சகோதரிகள் நோயாளியின் அருகில் அமர்ந்து பணிவிடை செய்யலாம், மருந்து கொடுக்கலாம். பேறுகால அறை மட்டும் பெரும்பாலும் அவர்களுக்கு மூடிய அறையாகவே இருந்தது.

இவ்விதியை வகுத்தவர்கள் கல் நெஞ்சர் என்று நாம் முடிவு கட்டிவிடலாகாது. துறவி பொருள் தேடிப் போய்விடக் கூடாது. வெளி வேலைகள் பெருகி உள்ளத்தில் செபம் குன்றிவிடக் கூடாது என்னும் அச்சத்தில் பிறந்த விதி அது. அது பிறந்த காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. ஏழு நூற்றாண்டுகள் கழித்து, ஆடவர் முகம் பாராத பெண்கள் வாழும் நாட்டில், அதே வேலி ஒரு சுவராகிவிட்டது. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களை அறிந்த நம்மவர்க்குக் கோஷா முறையைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இச்சுவரை முதலில் கண்டு மனம் வருந்தியவர்களுள் ஒருவர் ஆக்னஸ் மக்லாரன் அம்மையார். 1837இல் பிறந்த இவர் ஸ்காட்லாந்து நாட்டினர். பிரான்சில் மருத்துவப் பட்டம் பெற்றவர். 61ஆம் வயதில் கத்தோலிக்கச் சமயத்தைத் தழுவியவர். 1909இல் இராவல்பிண்டியில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தோன்ற வழி செய்தார். 70 வயதைக் கடந்த பின் தாமே அங்குப் பயணமும் செய்தார்.

அம்மருத்துவமனையில் பணிவிடை செய்த சகோதரிகள் நம் தமிழ் மண்ணில் முளைத்த ஒரு சபையினர் என்பதை இங்கே நினைவிற்கொள்வது நலம். பிரெஞ்சு நாட்டிலிருந்து 1865இல் மதுரை மிஷனுக்கு வந்த மேரி ஆஃப் த பேஷன் அம்மையார், உதகமண்டலத்தில் சில சகோதரிகளுடன் தங்கியிருந்தபோது உருவெடுத்த சபை அது. 1877ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் உரோமாபுரியின் ஒப்புதலைப் பெற்றது. பின்னர்ப் பிரான்சிஸ்கு சபையோடு இணைந்தது. ஆராதனையும் தொண்டும் ஒரே வாழ்வின் இரு பகுதிகள் என்பதே அச்சபையின் கொள்கை. அக்கொள்கை கொண்ட சகோதரிகளே பணிவிடைக்கு இருந்தும், மருத்துவர் வேண்டுமாயின் வெளியிலிருந்தே தேடவேண்டியிருந்தது.

மக்லாரன் அம்மையார் சட்டத்தை மீறவில்லை. சட்டத்தைக் காட்டி வாளாவிருக்கவும் இல்லை. சகோதரிகள் மருத்துவராக இசைவு வேண்டி ஐந்து முறை உரோமாபுரிக்குச் சென்று முறையிட்டார். விடை கிடைக்குமுன், 1913இல் காலமானார்.

ஆனால் அவருடைய குரல் மறையவில்லை. 1915ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மேரி குளோரி என்னும் இளம் மருத்துவர் ஒரு சிறு பிரசுரத்தைப் படித்தார். அது மக்லாரன் அம்மையாரின் பணியைப் பற்றியது. இந்தியாவில் தாய்மாரும் குழந்தைகளும் வைத்தியமின்றி மடிவதை அதில் அறிந்ததும், தம் வாழ்வின் பணி இன்னதென்று அவர் தெளிந்தார். எனினும் உடனே கப்பலேற இயலவில்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் காத்திருப்பை அவர் வீணாக்கவில்லை. மகப்பேறு, பெண்கள் நோய், கண் மருத்துவம் ஆகியவற்றை ஆழ்ந்து பயின்று, 1919இல் உயர்பட்டம் பெற்றார்.

1920ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் குண்டூரை அடைந்தார். அந்நாளில் குண்டூரும் நம் வேலூரைப் போலவே சென்னை மாகாணத்தின் பகுதி. அங்கே ஒல்லாந்து நாட்டுச் சகோதரிகளின் இயேசு மரி யோசேப்பு சபையில் சேர்ந்து, திரு இருதயத்து மரியாள் என்னும் துறவறப் பெயர் பூண்டார். பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அவருக்கு மருத்துவம் செய்யச் சிறப்பு அனுமதி வழங்கினார். துறவற உடையில் மருத்துவத் தொழில் செய்ய இவ்வாறு இசைவு பெற்ற முதற் சகோதரி இவரே என்பர்.

வேலூரில் ஐடா அம்மையாரின் மாணவியர் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே மாகாணத்தின் வடபுறத்தில் இச்சகோதரி தெலுங்கு கற்றுக்கொண்டு நோயாளிகளைக் காணத் தொடங்கினார். ஒரு சிறு மருந்தகம் புனித சூசையப்பர் மருத்துவமனையாக வளர்ந்தது. பல்லாண்டுகள் அவர் ஒருவரே அங்கு மருத்துவர். உள்ளூர்ப் பெண்களை மருந்து கலக்கவும் நோயாளிகளைப் பேணவும் பேறு பார்க்கவும் பழக்கினார். நம் நாட்டு மூலிகைகளையும் இகழாமல் ஆராய்ந்தார்.

இனி அவருடைய அகவாழ்வைச் சற்று எண்ணிப் பார்ப்போம். துறவியின் நாள் விடியுமுன் கோயிலில் தொடங்குகின்றது. மருத்துவரின் நாளோ எந்த நேரத்திலும் குறுக்கிடப்படுவது. செபத்தின் நடுவே ஒரு பிரசவ வேதனைச் செய்தி வருமாயின் எதை விடுவது? பழைய சட்டம் அஞ்சியது இதற்குத்தான். நோயுற்றவருக்குச் செய்வது தமக்கே செய்தது என்று கிறிஸ்து பெருமான் கூறியதை அவர் சொல்லளவில் ஏற்றவர் அல்லர். ஆகவே, கோயிலிலிருந்து நோயாளியிடம் எழுந்து போவது அவருக்கு ஆண்டவனை விட்டுப் போவதாகத் தோன்றவில்லை. பணி செபத்தை அழித்துவிடும் என்னும் அச்சத்திற்கு அவர் வாதத்தால் விடை கூறவில்லை. முப்பத்தேழு ஆண்டுக் கால வாழ்வால் விடை கூறினார் எனலாம்.

ஒருவருக்குக் கிடைத்த அனுமதி எல்லாருக்கும் உரிமையாகிவிடாது. மக்லாரன் அம்மையாரின் கடிதங்களால் ஊக்கம் பெற்ற மற்றொருவர், திரோல் நாட்டு அன்னா டெங்கல். தம்மை ஊக்கியவரை அவர் நேரில் கண்டதே இல்லை. 1920இல் இராவல்பிண்டி மருத்துவமனைக்கு வந்து சில ஆண்டுகள் தனியே உழைத்த அவர், 1925இல் மூன்று தோழியருடன் மருத்துவ மிஷன் சபையைத் தொடங்கினார். சட்டம் தடுத்தமையால் பதினோர் ஆண்டுகள் அவர்கள் வெளிப்படையான துறவற வார்த்தைப்பாடு இன்றியே சகோதரிகளாக வாழ்ந்தனர். இறுதியில் 1936ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் உரோமாபுரி தன் ஆணையை வெளியிட்டது. சகோதரிகள் மருத்துவமும் பேறுகாலப் பணியும் பயிலலாம் என்பது மட்டுமன்று, பயிலவேண்டும் என்றே அது ஊக்கிற்று. மக்லாரன் அம்மையார் மறைந்து அப்போது 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1943இல் குண்டூர்ச் சகோதரி கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை நிறுவினார். கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்னும் அவருடைய கனவு, 1963இல் பெங்களூரில் நனவாயிற்று. அதைக் காண அவர் இல்லை. நோயின் கொடிய வேதனையைப் பொறுத்து, 1957ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அந்நகரிலேயே கண்மூடியிருந்தார்.

நேயர்களே, இவ்வரலாறு என்னை வேறொரு வகையிலும் தொட்டது. நான் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற முதல் ஆண்டில், தோல் பதனிடும் கூடத்தில் கூலி வேலை செய்யும் ஒருவர் தம் மகளைப் பள்ளியில் சேர்க்க அழைத்து வந்தார். முந்தைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் அவரிடம் இல்லை. விதி இடந்தராது என்று கூறி அனுப்பிவிட்டேன். நான் சொன்னது பொய்யன்று. ஆனால் ஒரு விண்ணப்பம் எழுதி, மேலதிகாரியிடம் நேரில் சென்று சிறப்பு அனுமதி கேட்டிருக்கலாம். பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம், அவ்வளவே. நான் போகவில்லை. அச்சிறுமி மீண்டும் வரவேயில்லை.

ஒரு முதியவர் முன்பின் அறியாத பெண்களுக்காக ஐந்து முறை உரோமாபுரிக்குச் சென்றதைப் படித்த அன்று, எனக்கு அந்தத் தந்தையின் முகமே நினைவில் நின்றது. விதியை மீற வேண்டும் என்று நான் கூறவில்லை; ஆசிரியன் அவ்வாறு கூறுவது முறையும் அன்று. விதியைக் காட்டி நம் கடமை முடிந்தது என்று அமர்ந்துவிடலாகாது என்றே கூறுகின்றேன். அம்மாணவியின் வினாவிற்கு என் விடை இதுதான்: சகோதரிகள் வரவிரும்பினார்கள், கதவு மூடியிருந்தது, அது திறக்கும்வரை சிலர் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.