சர்க்கரை குறைந்தது, சரி, எங்கே?
தாவரச் சேர்மங்களும் நீரிழிவின் மூலக்கூற்று ஆய்வும்

விஸ்டார் இன வெள்ளெலிகளுக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி. இரத்தச் சர்க்கரை ஏறியபின் ஏதோ ஒரு மூலிகையின் எத்தனால் சாறு, உடல் எடையில் கிலோவுக்கு 200 அல்லது 400 மில்லிகிராம் வீதம், மூன்று நான்கு வாரங்களுக்கு. ஒப்பீட்டுக்குக் கிளிபென்கிளமைடு. இந்த அமைப்பில் எழுதப்பட்ட ஆய்வேடுகள் இந்தியப் பல்கலைக்கழக நூலகங்களில் மலிந்து கிடக்கின்றன. தாவரம் மாறும், முடிவுரை மாறுவதில்லை: சர்க்கரை குறைந்தது, ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு நொதிகள் மீண்டன, மேலும் ஆய்வு தேவை. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இன்டியாப் மதிப்பீட்டின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. அவர்களுள் ஒருவருக்கேனும் இத்தகைய கட்டுரைகளால் புதிய மாத்திரை ஒன்று கிடைத்ததா என்று கேட்டால் விடை சொல்வது கடினம். தாவரங்களில் மருந்தில்லை என்பது இதற்குக் காரணமாக முடியாது. இன்று உலகெங்கும் எழுதித்தரப்படும் நீரிழிவு மருந்துகளில் இரண்டு பெருங்குழுக்கள் தாவரச் சேர்மங்களிலிருந்தே கிளைத்தவை. கேட்கப்படும் கேள்வியில்தான் கோளாறு என்பது இக்கட்டுரையின் வாதம். சேர்மம் உடலில் எந்த இடத்தில், எந்த மூலக்கூறின் மீது வேலை செய்கிறது என்று தெரியாதவரை, சர்க்கரை குறைந்தது என்ற செய்தியை வைத்துக்கொண்டு மேற்கொண்டு எதுவும் செய்ய இயலாது.

இதற்கு ஃப்ளோரிசினின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று இல்லை. ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுக்கப்பட்ட கசப்புப் பொருள் அது. சின்கோனாப் பட்டையைப்போல் கசந்ததால் காய்ச்சலுக்கு ஆகும் என்று நம்பினார்கள். 1886இல் ஜெர்மானிய மருத்துவர் யோசஃப் ஃபொன் மெரிங் அதை நாய்களுக்குக் கொடுத்தபோது சிறுநீரில் சர்க்கரை வெளியேறியது. சிறுநீரில் சர்க்கரை என்றால் நீரிழிவு என்று கொள்ளப்பட்ட காலம். எனவே இது செயற்கை நீரிழிவு என்று பெயர்பெற்றது. 'ஃப்ளோரிசின் நீரிழிவு' என்ற தலைப்பில் பல பத்தாண்டுகள் வளர்சிதை மாற்ற ஆய்வுகள் நடந்தன. மூன்றாண்டு கழித்து அதே மெரிங், ஆஸ்கர் மின்கோவ்ஸ்கியுடன் சேர்ந்து நாயின் கணையத்தை அகற்றி உண்மையான நீரிழிவை உண்டாக்கினார். இரண்டிலும் சிறுநீர் இனித்தது. ஆனால் கணையம் இழந்த நாயின் இரத்தத்தில் சர்க்கரை ஏறியது, ஃப்ளோரிசின் தின்ற நாய்க்கு ஏறவில்லை. கோளாறு சிறுநீரகத்தில் நிகழ்ந்ததே காரணம்.

அந்த இடத்தை மூலக்கூறு வரை கொண்டு செல்ல நூறாண்டு பிடித்தது. 1960இல் பிராகா நகரில் நடந்த கூட்டமொன்றில் ராபர்ட் கிரேன், சோடியம் அயனியோடு பிணைந்தே குளுக்கோஸ் குடற்செல்லுக்குள் நுழைகிறது என்ற கருதுகோளை முன்வைத்தார். (வயிற்றுப்போக்குக்கு நாம் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் அறிவியல் அடிப்படையும் இதுவே.) அந்த நுழைவை ஃப்ளோரிசின் போட்டியிட்டுத் தடுக்கிறது என்பது விரைவில் உறுதியானது. எர்னஸ்ட் ரைட்டின் குழு 1987இல் குடலின் கடத்திப் புரதமான எஸ்ஜிஎல்டி1இன் மரபணுவைப் படியெடுத்தது. சிறுநீரகத்துக்குரிய எஸ்ஜிஎல்டி2 அடுத்த சில ஆண்டுகளில் அடையாளம் காணப்பட்டது. நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோஸை வடிக்கின்றன. அதில் பெரும்பகுதியை, சுமார் 90 விழுக்காட்டை, நுண்குழலின் தொடக்கப் பகுதியிலேயே மீட்டு இரத்தத்துக்கு அனுப்புவது எஸ்ஜிஎல்டி2. பிறவியிலேயே இம்மரபணு பழுதான சிலர் வாழ்நாள் முழுதும் சிறுநீரில் சர்க்கரையை இழந்தும் பெரும்பாலும் நலமாகவே இருக்கிறார்கள். இதைத் தடுத்தால் ஆபத்து அதிகமில்லை என்பதற்கு இயற்கையே தந்த சான்று அது.

1987இல் ரோசெட்டி, டிஃப்ரான்சோ உள்ளிட்டோர் கணையத்தின் பெரும்பகுதியை இழந்த எலிகளுக்கு ஃப்ளோரிசின் கொடுத்துச் சர்க்கரையைச் சிறுநீர்வழி இறக்கினர். இன்சுலின் அளவு கூடவில்லை. ஆயினும் திசுக்கள் இன்சுலினுக்கு இணங்கும் தன்மை இயல்புக்குத் திரும்பியது. உயர்ந்த குளுக்கோஸ் நோயின் விளைவு மட்டுமில்லை, நோயை வளர்க்கும் காரணமும்கூட என்ற முடிவு இதிலிருந்து பிறந்தது. செயல்படும் இடம் முன்பே தெரிந்திருந்ததால்தான் இந்தச் சோதனை பொருள்பட்டது. ஃப்ளோரிசின் கணையத்தையோ தசையையோ நேரடியாகத் தொடவில்லை என்று அவர்களால் சொல்ல முடிந்தது. பெயர் தெரியாத நூறு சேர்மங்கள் கலந்த சாற்றைக் கொடுத்திருந்தால் அதே எண்கள் வந்திருக்கலாம், அந்த முடிவு வந்திருக்காது.

மருந்து என்ற நிலையில் ஃப்ளோரிசின் தோற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். குடலின் நொதிகள் அதன் சர்க்கரைப் பிணைப்பை அறுத்துவிடும். மிஞ்சும் ஃப்ளோரெட்டின் வேறு வகைக் குளுக்கோஸ் கடத்திகளைத் தடுக்கும். எஸ்ஜிஎல்டி1ஐயும் ஃப்ளோரிசின் விட்டுவைக்காது, ஆகவே வயிற்றுப்போக்கு வரும். வேதியியலர் செய்தது இதுதான்: அறுபடும் ஆக்சிஜன் பிணைப்பின் இடத்தில் நொதியால் வெட்ட இயலாத கார்பன் பிணைப்பை வைத்தனர். எஸ்ஜிஎல்டி2இன் மீதான நாட்டம் எஸ்ஜிஎல்டி1ஐக் காட்டிலும் ஆயிரம் மடங்குக்கு மேல் உயர்ந்தது. அப்படி உருவான டாபாகிளிஃப்ளோசின் 2012இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது. 2015இல் வெளிவந்த எம்பா-ரெக் ஆய்வு, 7,020 நோயாளிகளில் அதே வகை மருந்தான எம்பாகிளிஃப்ளோசின் இதய நாள மரணங்களை 38 விழுக்காடு குறைத்ததாகக் காட்டியது. நீரிழிவே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் இவ்வகை மருந்து உதவுகிறது என்று 2019இல் தெரிந்தது. பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்று, அரிதாகச் சர்க்கரை ஏறாமலே வரும் கீட்டோ அமிலத்தேக்கம் ஆகிய தீங்குகளும் இடம் தெரிந்ததாலேயே விளக்கப்பட்டவை. 2020இல் இந்தியக் காப்புரிமை முடிந்தபின் டாபாகிளிஃப்ளோசின் நம் மருந்துக் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது.

இவ்வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சான்று மெட்ஃபார்மின். கலேகா என்ற ஐரோப்பியச் செடியின் குவானிடின் சேர்மங்களோடு உறவுடைய இம்மூலக்கூறு 1922இல் டப்ளினில் தொகுக்கப்பட்டது. 1957இல் ஜான் ஸ்டெர்ன் பாரிசில் நோயாளிகளிடம் அதன் பயனை அறிவித்தார். அது செயல்படும் விதம் இன்றும் சர்ச்சையில்தான் இருக்கிறது. 2000இல் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கூட்டுத்தொகுதி என்றார்கள், 2001இல் ஏஎம்பிகே என்ற நொதி என்றார்கள். 2010இல் கல்லீரலில் ஏஎம்பிகே நீக்கப்பட்ட சுண்டெலிகளிலும் மெட்ஃபார்மின் வேலை செய்தது. 2014இல் கிளிசரோபாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் முன்வந்தது. செல் வளர்ப்புத் தட்டுகளில் பயன்பட்ட மில்லிமோலார் செறிவுகள் நோயாளியின் இரத்தத்தில் ஒருபோதும் எட்டப்படுவதில்லை என்பது இக்குழப்பத்துக்கு ஒரு காரணம். இடம் தெரியாமலே மெட்ஃபார்மின் கோடிக்கணக்கானோரைக் காத்திருக்கிறது என்றால், மூலிகையிடம் மட்டும் அந்த நிபந்தனையை விதிப்பது நியாயமா?

நியாயமான வினாதான். ஆனால் மெட்ஃபார்மின் ஒற்றை மூலக்கூறு. அதன் அளவு மில்லிகிராமில் தெரியும், இரத்தத்தில் அளக்க முடியும். அதன் உறவினரான ஃபென்ஃபார்மினால் லாக்டிக் அமிலத்தேக்கம் வந்தபோது குற்றவாளி யார் என்பது தெரிந்தது, 1970களில் பல நாடுகள் அதை விலக்கின. ஆகவே என் வாதத்தைச் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும். நோயாளிக்குக் கொடுக்கச் சேர்மத்தின் அடையாளமும் அளவும் போதும். அதைவிட நல்லதொன்றைச் செய்யத்தான் இடம் தெரிய வேண்டும். நம் எலிச் சோதனைகள் இவ்விரண்டில் எதையும் தருவதில்லை.

அந்தச் சோதனையின் உள்முரண் கூடப் பேசப்படுவதில்லை. ஸ்ட்ரெப்டோசோடோசின் ஜிஎல்யுடி2 என்ற குளுக்கோஸ் கடத்தி வழியாகப் பீட்டா செல்லுக்குள் புகுந்து டிஎன்ஏவைச் சிதைக்கிறது. கிளிபென்கிளமைடோ உயிருள்ள பீட்டா செல்லின் பொட்டாசியம் வாயிலை மூடித்தான் இன்சுலினைச் சுரக்கவைக்கும். அம்மருந்து அந்த எலியில் வேலை செய்தது என்றாலே கணிசமான பீட்டா செல்கள் பிழைத்திருக்கின்றன என்று பொருள். பிழைத்தவை தாமாகத் தேறுவதற்கும் மூலிகை தேற்றுவதற்கும் வேறுபாடு காண்பது எப்படி? நஞ்சுக்கு முன்போ உடனோ சாறு கொடுக்கப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். குறிப்பாக, பீட்டா செல்லைக் கொல்லும் மற்றொரு நஞ்சான அலோக்சானைப் பயன்படுத்தும் சோதனையில், அது உண்டாக்கும் தனியுறுப்புகளைச் சாற்றின் ஃபீனால்கள் முறித்திருக்கலாம். அது நஞ்சுமுறிவு, நீரிழிவு மருத்துவம் ஆகாது. கசப்பால் எலி உணவைக் குறைத்தாலும் சர்க்கரை குறையும், அதே அளவு உணவு மட்டும் கொடுத்த ஒப்பீட்டுக் குழுவை வைப்போர் மிகச் சிலரே. கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்பதை உடற்பரப்புக் கணக்கில் மாற்றினால் 60 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 4 கிராம் உலர்ந்த சாறு. இவற்றோடு ஒட்டவைக்கப்படும் கணினி டாக்கிங் மதிப்பெண்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குவெர்செட்டின் என்ற தாவரச் சேர்மத்தைப் பொருத்திப் பார்க்காத புரதம் அரிது.

செயல்படும் இடத்தைப் பொறுத்து, உறிஞ்சப்படாமையும் எல்லாச் சேர்மங்களுக்கும் குறையாகாது. மரமஞ்சளின் பெர்பெரின் வாய்வழி கொடுத்தால் எலியின் இரத்தத்தில் ஒரு விழுக்காடுகூட எட்டுவதில்லை, எனவே கல்லீரல் செல்லில் காட்டும் விளைவை அப்படியே ஏற்க முடியாது. பொன்கொரண்டியின் சலாசினாலுக்கு அந்தத் தடையில்லை. அது குடலில் மாவுச்சத்தை உடைக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேசைத் தடுப்பது, குடலுக்குள் இருந்தாலே போதும். இலங்கையில் இதன் கட்டையில் குடைந்த கோப்பையில் நீரை வைத்துக் குடிக்கும் வழக்கத்துக்கு இப்படியொரு மூலக்கூற்று விளக்கம் கிடைத்திருக்கிறது.

நமக்கு மிக நெருக்கமானது சிறுகுறிஞ்சான். உதகமண்டலத்தில் அரசு சின்கோனா வேதியியலராக இருந்த டேவிட் ஹூப்பர் 1887இல் அதன் ஜிம்னெமிக் அமிலத்தை விவரித்தார். 1990இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாக ஆய்வாளர்கள், இன்சுலின் எடுத்துவந்த 27 பேருக்கு இலைச் சாறு 400 மில்லிகிராம் கொடுத்து இன்சுலின் தேவை குறைந்ததாக எழுதினர். பீட்டா செல்கள் புத்துயிர் பெற்றிருக்கலாம் என்றும் கருதினர். சீரற்ற முறையில் குழு பிரிக்காத, மறைப்பு இல்லாத ஆய்வு அது. அதன்மேல் எழுந்த எதிர்பார்ப்போ மிகப் பெரிது. 1999இல் லண்டன் ஆய்வாளர்கள் அந்தச் சாற்றைத் தனிப்படுத்திய பீட்டா செல்களில் சோதித்தபோது இன்சுலின் வெளிவந்தது உண்மை, ஆனால் செல்சவ்வு கசியத் தொடங்கியதே அதற்குக் காரணம். சாற்றிலுள்ள சப்போனின்கள் அப்படிச் செய்யக்கூடியவைதான். இந்த முடிவு நம்மூரில் போதிய அளவு படிக்கப்படவில்லை என்றே எண்ணுகிறேன். பின்னர் அதே லண்டன் குழு, சவ்வைச் சிதைக்காமல் சுரப்பைத் தூண்டும் வேறொரு சிறுகுறிஞ்சான் சாற்றையும் விவரித்தது.

இதே இலையின் மற்றொரு விளைவு, நாக்கில் இனிப்பை மறைப்பது, துல்லியமாக இடம் காணப்பட்டுவிட்டது. மனித இனிப்பு ஏற்பியின் டி1ஆர்3 பகுதியில், செல்சவ்வுக்குள் பதிந்த கூறில் ஜிம்னெமிக் அமிலம் ஒட்டுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014இல் காட்டினர். இந்த ஏற்பி நாக்கில் மட்டும் இல்லை. குடலின் ஹார்மோன் செல்களிலும் பீட்டா செல்லிலும் இருக்கிறது. சிறுகுறிஞ்சானின் விளைவில் ஒரு பகுதி குடலிலுள்ள டி1ஆர்3 வழியே நிகழ்கிறதா என்பது சோதிக்கத் தக்க, தெளிவான கருதுகோள். ஆனால் சுண்டெலியின் டி1ஆர்3 ஜிம்னெமிக் அமிலத்துக்கு இணங்குவதில்லை. வழக்கமான சுண்டெலியில் எத்தனை முறை செய்தாலும் இக்கேள்விக்கு விடை வராது. மனிதக் குடற்செல் வளர்ப்போ மனித டி1ஆர்3 மரபணு புகுத்திய சுண்டெலியோ, கூடவே சாற்றுக்குப் பதில் தூய ஜிம்னெமிக் அமிலமும் வேண்டும்.