ஸ்வெல், சர்ஜ், சுனாமி... எல்லாமே ஒண்ணுதானா? கடல் அலர்ட்டில் வரும் வார்த்தைகளுக்கு அர்த்தம் இதுதான்!

மணவூர், திருத்தணி பக்கம் இருப்பவர்களுக்கு மலையும் ஏரியும்தான் பழக்கம். ஆனால் கடல் அலை எச்சரிக்கை வரும்போது, பட்டியலில் திருவள்ளூர் மாவட்டத்தின் பெயரும் இருக்கும். காரணம், இதே மாவட்டத்தின் இன்னொரு முனையில் பழவேற்காடு கடற்கரை இருக்கிறது. அதுமட்டுமில்லை, மணவூரில் மின்சார ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் சென்னை. லீவு விட்டால் குடும்பத்தோடு மெரினாதான்!

அலர்ட்டில் ஒரு நாள் 'ஹை வேவ்' என்கிறார்கள். இன்னொரு நாள் 'ஸ்வெல் சர்ஜ்' என்கிறார்கள். தமிழில் பெரும்பாலும் 'கடல் சீற்றம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஆனால் இவை ஒவ்வொன்றும் வேறு வேறு ஆபத்து. எப்படி?

வேவ்: காத்து கிளப்பும் அலை

வேவ் என்றால் பொதுவாக அலை. நாம் கரையில் பார்க்கும் பெரும்பாலான அலைகளை உருவாக்குவது காற்றுதான். ஏரித் தண்ணீரில் லேசாகக் காற்று பட்டால் வரும் சின்னச் சுருக்கத்துக்கு 'ரிப்பிள்' என்று பெயர். காற்றின் வேகம், அது வீசும் நேரம், வீசும் தூரம் மூன்றும் கூடக்கூட அலையும் பெரிதாகும். இந்த வகை ஆபத்தை ஓரளவு கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். காத்து பலமா அடிக்கும், கடலும் கொந்தளிப்பாகத் தெரியும்.

ஸ்வெல்: காத்தே இல்லாமல் வரும் அலை

கால் வீங்கினால் டாக்டர் 'ஸ்வெல்லிங்' என்பார் அல்லவா? அதே வார்த்தைதான். கடலே வீங்கி எழுந்து அடங்குவது போல, நீளமாக, வழவழப்பாக வரும் அலைக்கு 'ஸ்வெல்' என்று பெயர்.

இது உள்ளூர்க் காற்றால் வருவதில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல் கிளப்பிய அலைகள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேரும். அப்போது இங்கே வானம் தெளிவாக இருக்கலாம். காற்றும் இல்லாமல் இருக்கலாம்.

கேரள மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் 'கள்ளக்கடல்'. திருடன் போலச் சத்தமில்லாமல் வரும் கடல். இந்த வார்த்தையை 2012-ல் யுனெஸ்கோ அறிவியல் சொல்லாகவே ஏற்றுக்கொண்டது. அலர்ட்டில் வரும் 'ஸ்வெல் சர்ஜ்' இதைத்தான் குறிக்கிறது.

2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்தது. புயலும் இல்லை, மழையும் இல்லை. 'கடல் அமைதியாத்தானே இருக்கு' என்று கண்ணை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு அந்த நாளே சாட்சி.

சர்ஜ்: கடல் மட்டமே உயர்வது

'எழு' என்ற பொருள் தரும் லத்தீன் வார்த்தையில் இருந்து வந்தது சர்ஜ். திடீரென எழும்பும் எதற்கும் ஆங்கிலத்தில் இதைச் சொல்வார்கள். டாக்சி ஆப்பில் கட்டணம் எகிறினால்கூட 'சர்ஜ்'தான்.

கடலில் 'ஸ்டார்ம் சர்ஜ்' என்றால், புயல் காற்று கடல்நீரை மொத்தமாகக் கரை நோக்கித் தள்ளுவது. இது ஓர் அலை வந்து திரும்பிப் போவது போல இல்லை. தண்ணீர் மட்டமே உயர்ந்து ஊருக்குள் புகுந்துவிடும். அந்த நேரம் பார்த்துக் கடல் ஏற்றமும் சேர்ந்தால் பாதிப்பு இன்னும் அதிகம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்து, பயணிகளோடு ரயிலையும் இழுத்துக்கொண்டு போனது புயலோடு வந்த இந்தக் கடல்நீர்தான்.

சுனாமி: காத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை

சுனாமி ஜப்பானிய வார்த்தை. 'துறைமுக அலை' என்று அர்த்தம். பெரும்பாலும் கடலுக்கு அடியில் ஏற்படும் நிலநடுக்கத்தால் வரும். நடுக்கடலில் ஜெட் விமான வேகத்தில் ஓடினாலும் உயரம் குறைவுதான். கரையை நெருங்கும்போதுதான் எழும்பும். 2004 டிசம்பர் 26-ல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள்.

முன்பு ஆங்கிலத்தில் இதை 'டைடல் வேவ்' என்றும் சொல்வார்கள். அது தவறான பெயர். 'டைட்' என்பது நிலா, சூரியன் ஈர்ப்பால் தினமும் நடக்கும் கடல் ஏற்றமும் வற்றமும். சுனாமிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அலர்ட்டில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது?

இந்த எச்சரிக்கைகளை வெளியிடுவது ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது 'இன்காய்ஸ்'. அதில் இரண்டு எண்கள் முக்கியம்.

அலை உயரம்: 1.5 மீட்டர் என்றால் எல்லா அலையும் அதே உயரம் இல்லை. பெரிய அலைகளின் சராசரிதான் அது. இடையில் ஒன்றிரண்டு அலை ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்துக்கும் வரலாம்.

விநாடி: ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி. 5, 6 விநாடி என்றால் பக்கத்துக் காற்றால் வந்த அலை. 15 விநாடிக்கு மேல் என்றால் தூரத்தில் இருந்து வரும் ஸ்வெல். இடைவெளி கூடினால் அலையின் பலமும் கூடும், கரையில் அதிக தூரம் ஏறும்.

பீச்சுக்குப் போறீங்களா? இதைக் கவனிங்க

* கிளம்பும் முன் அந்த மாவட்டத்துக்கு அலர்ட் இருக்கா என்று பாருங்கள்.
* 'ஸ்வெல் சர்ஜ்' அல்லது 'கள்ளக்கடல்' என்று இருந்தால், கடல் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும். நடுவே சில நிமிடங்கள் ஒன்றும் இல்லாதது போல இருக்கும்.
* பாறை மேலும் தூண்டில் வளைவு மேலும் நின்று செல்ஃபி வேண்டாம்.
* உள்ளே இழுக்கும் நீரோட்டத்துக்கு 'ரிப் கரண்ட்' என்று பெயர். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள்.
* உள்ளூர் மீனவர்கள் 'இன்னைக்கு இறங்காதீங்க' என்றால், காரணம் கேட்டு நிற்காமல் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள்.