மின்மடல் மீட்கும் நெறிகள் இரண்டு

தொடக்கத்தில் மின்மடலை, அது வந்தடைந்த பெருங்கணினியின் முனையத்திலேயே படித்தனர். தனியாள் கணினி பரவவே, இடையறாது இயங்கும் வழங்கியினின்று, வேண்டும்பொழுது மட்டும் இயங்கும் கணினிக்கு மடலைக் கொணரும் நெறி வேண்டியதாயிற்று. 1984-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜாய்ஸ் ரெனால்ட்சு வெளியிட்ட 'பாப்' அத்தகையது. அதன் மூன்றாம் வடிவம் 1988-இல் வந்தது.

அவ்வடிவில் ஒரு நுட்பம் கருதத்தக்கது. மடலை நீக்குமாறு பணித்தாலும் வழங்கி உடனே நீக்காது, குறியிட்டு வைக்கும். 'குவிட்' என்னும் விடைபெறு கட்டளை வந்த பின்னரே அழிக்கும். இடையில் இணைப்பு அறுமாயின் மடல் அழியாது நிற்கும். தொலைபேசிக் கம்பிவழி இணைப்பு அடிக்கடி அறுந்த காலத்தில் இது சிறு விதியன்று.

1986-இல் சுடான்போர்டுப் பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் வகுத்த 'ஐமேப்' நெறியைப் பாப்பின் திருந்திய வடிவமெனக் கொள்வார் உளர். அது பொருந்தாது, நோக்கமே வேறு. ஐமேப்பில் மூலம் வழங்கியிலேயே தங்கும். படித்தமை, விடையெழுதினமை ஆகிய குறிகளும் ஆண்டே நிலைபெறும். எனவே பல கணினிகளிலிருந்தும் ஒரே பெட்டியைக் காணலாம்.

கடித இலக்கியம் ஆராய்வார்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. பாப் வழி இறக்கி, வழங்கியில் நீக்கப்பட்ட மடல்கள் பழைய கணினியொடு மறைந்திருக்கலாம்; ஐமேப் வழிப் படிக்கப்பட்டவை வழங்கியை நடத்துவோர் காக்குமளவும் உளவாம்.