இட்டேரி இருந்த இடம்

எங்கள் தோட்டத்துக்குப் போகும் இட்டேரி இறந்துவிட்டது. கிழக்குப் பக்கத்து வேலியை ஒரு ஜேசிபி அரை நாளில் வழித்துத் தள்ளியது. மேற்குப் பக்கம் இரண்டு வருஷம் தனியாக நின்றது. பிறகு தார் போட வந்தவர்கள் அதையும் எடுத்தார்கள். இதில் எந்த நாளைச் சாவு நாளாகக் குறிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கொங்கு நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். இருபுறமும் உயிர்வேலி அடைத்த வண்டித் தடம்தான் இட்டேரி. ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். எதிரே இன்னொரு வண்டி வந்துவிட்டால், யாராவது ஒருவர் மாட்டைப் பின்னுக்கு நடத்த வேண்டும். காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கமெல்லாம் ஊரையும் தோட்டங்களையும் கோத்து வைத்திருந்தவை இந்தத் தடங்கள். மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளைச் சுற்றி இன்னும் சில கிளுவை வேலிகள் நிற்கின்றன. எங்களுடையது நிற்கவில்லை.

வேலிக்கு முதுகெலும்பு கிளுவை. போத்து வெட்டி, மழைக்கு முன்னால் நெருக்க நெருக்கமாக ஊன்றினால் வேர் பிடித்துவிடும். மனிதன் செய்தது அவ்வளவுதான். மற்றதையெல்லாம் எச்சமிட்ட பறவைகளும் காற்றும் நட்டன. சங்கஞ்செடி, பிரண்டை, கோவை, தூதுவளை, முசுமுசுக்கை, எருக்கு, பெயரிலேயே வேலியை வைத்திருக்கும் வேலிப்பருத்தி. இடையிடையே ஒரு வேம்பு, ஒரு வெள்வேல். ஆளுயரமும் ஐந்தாறு அடி அகலமுமாக அது தடித்துப் போனபோது, ஆட்டைத் தடுக்க வைத்த வேலி என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

அதற்குள் யார் யார் குடியிருந்தார்கள் என்பதைச் சிறுவயதில் வேடிக்கையாகப் பார்த்தேன். விவசாயம் என் கைக்கு வந்த பிறகுதான் விளங்கிற்று.

மானாவாரிக் காட்டில் பயிர் நிற்பது வருஷத்துக்கு நான்கு மாதம், மிஞ்சினால் ஐந்து. மீதி நாளெல்லாம் வெறும் மண். பயிரைத் தின்கிற பூச்சிக்கு இது பெரிய கஷ்டமில்லை. கடலையை மொட்டையடிக்கும் சிவப்புக் கம்பளிப்புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக மாதக்கணக்கில் கிடந்து, மழை இறங்கியதும் அந்துப்பூச்சியாக எழுந்து வரும். அசுவினிக்கு இறக்கை முளைத்தால் காற்றே வண்டி. ஆனால் அசுவினியைத் தின்கிற பொறிவண்டு அந்த ஏழெட்டு மாதம் எதைத் தின்று உயிர் பிழைக்கும்?

எங்கள் இட்டேரியில் அதற்குப் பதில் இருந்தது. சித்திரை வெயிலிலும் எருக்கின் இளந்தண்டில் மஞ்சள் மஞ்சளாக அசுவினி அப்பிக் கிடக்கும். அது எருக்கு, அரளி வகைகளில் பிழைப்பது. எங்கள் வெள்ளாமையைத் தொடாது. பொறிவண்டும், குட்டி முதலை போலிருக்கும் அதன் புழுவும் அங்கே மேய்ந்துகொண்டிருக்கும். ஆடியில் விதைத்த தட்டைப்பயறில் முதல் அசுவினி ஏறும்போது, பொறிவண்டு பத்தடி தூரத்தில் இருந்தது. யாரும் வாங்கி வந்து விட வேண்டியதில்லை.

கண்ணுக்கு எளிதில் படாத ஒட்டுண்ணிக் குளவிகளும் அப்படித்தான். புழுவின் உடம்பிலோ முட்டையிலோ தன் முட்டையை வைத்து, அதன் வம்சத்தையே முடிக்கும் இனம். ஆனால் வளர்ந்த குளவிக்கு வேண்டியது தேன். பருத்தி பூக்கும் வரை அதற்குத் தேன் கொடுத்தவை, களை என்று நாங்கள் பெயர் வைத்த வேலிக் கொடிகள். இன்று கரும்புக்காரர்கள் டிரைக்கோகிரம்மா முட்டை அட்டை வாங்கிச் சோகையில் கட்டுகிறார்கள். நல்ல முறைதான், நானும் பரிந்துரைப்பேன். அட்டையிலிருந்து வெளியே வரும் குளவிக்குப் பக்கத்தில் ஒரு பூ வேண்டுமே என்பதுதான் என் கவலை.

கரிச்சான் வெள்வேல் கிளையிலிருந்து பாய்ந்து அந்துப்பூச்சியைப் பிடிக்கும். இப்போது காட்டுக்குள் ‘டி’ வடிவத்தில் குச்சி நட்டுப் பறவைக்கு இருக்கை அமைக்கச் சொல்கிறார்கள். செம்போத்து வேலியடியில் நடந்து நடந்து நத்தையும் புழுவும் பொறுக்கும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சருகைக் கிளறும். ஒருமுறை வேலியிலிருந்து இறங்கிய சாரையை அடிக்க நான் கல்லெடுத்தபோது அப்பாரு கையைப் பிடித்துக்கொண்டார். “அட விடு சாமி. வளையெலிய நீயா போய்ப் புடிப்பே?” பாம்பைப் பார்த்து அவர் ஒதுங்கி வழிவிட்டது, வேலையாளுக்கு வழிவிடுவதுபோல இருந்தது.

வேலியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அங்கே எலியும் இருந்தது, விரியனும் இருந்தது. வேலி நிழலில் இரண்டு சால் தூரத்துக்கு வெள்ளாமை எழும்பாது. கோடைதோறும் சந்து அடைக்க ஆள் வேண்டும். ஆள் கிடைப்பது நின்றுபோனது. நிலம் சென்ட் கணக்கில் விலை போகத் தொடங்கியதும், ஆறடி அகல வேலி ஆறடி நட்டமாகத் தெரிந்தது. கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தால் அரை அடி போதும். எங்கள் வீட்டிலும் அந்தக் கணக்குத்தான் போட்டோம். கிழக்குப் பக்கத்து வேலி எங்களுடையது.

2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்து நின்றன. அடித்த மருந்து அதன் மெழுகு மாவைத் தாண்டிப் போகவில்லை, கூட இருந்த நல்ல பூச்சிகளைத்தான் கொன்றது. அது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி. அதன் இயற்கை எதிரியான அசெரோபேகஸ் பப்பாயே என்ற நுண்குளவி 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்து, பெங்களூரில் பெருக்கப்பட்டு, தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. சில மாதங்களில் மாவு வடிந்தது. வெளியூர்ப் பூச்சியை நிறுத்த எங்கள் வேலியால் முடிந்திருக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர் உயிரைத் தேடிக் கடல் தாண்டிப் போய்க் கொண்டுவந்த அதே காலத்தில்தான், இங்கே இருந்த உயிர்களை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தோம். அந்த நாட்களில் ஒரு பப்பாளி இலையடியில் குரங்கு முகம் வரைந்ததுபோல ஒரு சிறு கூட்டுப்புழுவைப் பார்த்தேன். மாவுப்பூச்சியைத் தின்று வளரும் உள்ளூர் வண்ணத்துப்பூச்சியினுடையது அது. யாரும் அழைக்காமல் தன்னால் ஆனதைச் செய்துகொண்டிருந்தது.

வேலி போன பிறகு மயில்கள் பெருகின. மயில் முட்டையைக் குடிக்கும் நரியும் கீரியும் ஒண்ட இடமில்லாமல் போனதுதான் காரணம் என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். தக்காளிக்கு மருந்தடிக்கும் நாள் எங்கள் வீட்டு நாட்காட்டியில் முன்பு மாதத்துக்கு ஒன்றாக இருந்தது. இப்போது வாரத்துக்கு ஒன்று. ஓணான் கம்பி வேலியில் ஏறிப் பார்க்கிறது, வெயிலில் கம்பி சுட்டு இறங்கிவிடுகிறது.

எனக்கு ஆறாதது முள்ளெலி. தென்னிந்தியாவின் வறண்ட காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம். பகலெல்லாம் கிளுவை வேரடியில் உறங்கி, இருட்டியதும் வண்டும் புழுவும் கறையானும் தேடி இட்டேரியில் இறங்கும். டார்ச் வெளிச்சம் பட்டால் முள் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். கக்குவானுக்கு மருந்தென்று அதைப் பிடித்தவர்களும் உண்டு. நரி வந்தாலும் நாய் வந்தாலும் அதற்குத் தெரிந்த தற்காப்பு அந்தச் சுருளல் ஒன்றுதான்.

தார் போட்ட முதல் மழைக்காலத்தில், ஒரு விடியற்காலையில், பால் ஊற்றப் போகும்போது நடு ரோட்டில் அதைப் பார்த்தேன். வண்டி வரும் சத்தம் கேட்டு அது ஓடவில்லை. இருந்த இடத்திலேயே நன்றாகச் சுருண்டிருந்தது.