வெண்குருதிப் புற்று உயிரணுக்களில் ரெட்டினோயிக் அமிலத்தின் விளைவு

ஆல்-டிரான்ஸ் ரெட்டினோயிக் அமிலம் (சுருக்கமாக அட்ரா) என்பது உயிர்ச்சத்து ஏ-யிலிருந்து உடலில் உருவாகும் ஒரு சேர்மம் ஆகும். கடும் புரோமைலோசைட்டு வெண்குருதிப் புற்றுநோய்க்கு இது மருந்தாகப் பயன்படுகிறது. வழக்கமான வேதிமருந்துகள் புற்று உயிரணுக்களை நேரடியாகக் கொல்கின்றன. இம்மருந்தோ அவற்றை முதிர்ச்சியடையச் செய்கிறது. இத்தன்மை முதலில் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்களிலேயே கண்டறியப்பட்டது.

நோயின் தன்மை

எலும்பு மச்சையில் உருவாகும் வெள்ளையணுக்கள் பல படிநிலைகளைக் கடந்து முதிர்கின்றன. அவற்றுள் ஒரு படிநிலை புரோமைலோசைட்டு ஆகும். இந்நோயில் உயிரணுக்கள் அந்நிலையைத் தாண்டாமல் பெருகித் தேங்குகின்றன. குருதி உறைதல் சீர்குலைவதால் கடும் குருதிப்போக்கு ஏற்படுகிறது. 1957இல் நோர்வே மருத்துவர் லெய்ஃப் ஹில்லெஸ்டாட் இதைச் சில வாரங்களில் உயிரைப் பறிக்கும் தனி நோயாக விவரித்தார்.

ஆய்வுக்கூடச் சோதனைகள்

1980இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தைச் சேர்ந்த தியோடர் பிரைட்மன் குழுவினர், எச்எல்-60 என்னும் மனித வெண்குருதிப் புற்று உயிரணு வரிசையில் ரெட்டினோயிக் அமிலத்தைச் சோதித்தனர். 1 மைக்ரோமோலார் செறிவில் சுமார் 90% உயிரணுக்கள் முதிர்ந்தன. மருந்து தொடர்ந்து இருந்தால் மட்டுமே இவ்விளைவு முழுமையாகக் கிட்டியது.

இத்தகைய முதிர்ச்சியை அறிய நைட்ரோபுளூ டெட்ராசோலியம் என்னும் மஞ்சள் நிறச் சாயம் பயன்படுகிறது. முதிர்ந்த உயிரணுக்கள் அதைக் கருநீல நிறப் படிவாக மாற்றும், முதிராதவை மாற்றுவதில்லை.

1981இல் அதே குழுவினர் 21 நோயாளிகளிடமிருந்து பெற்ற உயிரணுக்களைச் சோதித்தனர். புரோமைலோசைட்டு வகை நோயுற்ற இருவரின் உயிரணுக்கள் மட்டுமே முதிர்ந்தன.

செயல்முறை

இந்நோயில் பெரும்பாலும் 15ஆம், 17ஆம் நிறப்புரிகளின் துண்டுகள் இடம் மாறி இணைகின்றன. இதனால் பிஎம்எல்-ரார்ஆல்ஃபா என்னும் கலப்புப் புரதம் உருவாகி, முதிர்ச்சிக்குத் தேவையான மரபணுக்களை அடக்கி வைக்கிறது. உடலில் இயல்பாக உள்ள ரெட்டினோயிக் அமிலத்தின் அளவு இத்தடையை நீக்கப் போதாது. மருந்தாகத் தரப்படும் உயர்ந்த அளவு தடையை நீக்குவதுடன் அப்புரதத்தைச் சிதைக்கவும் செய்கிறது.

எச்எல்-60 உயிரணுக்களில் இந்த நிறப்புரி மாற்றம் இல்லை என்பது பின்னர் தெரியவந்தது. எனவே இவ்வரிசையில் கிடைத்த முடிவுகளை இந்நோய்க்கு அப்படியே பொருத்த இயலாது.

சிகிச்சையும் வரம்புகளும்

சீனாவின் சாங்காய் நகரில் வாங் சென்யி குழுவினர் அட்ராவைக் கொண்டு சிகிச்சையளித்தனர். 1988இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 24 நோயாளிகளும் முழுத் தணிவு அடைந்தனர். அவர்களில் ஒருவருக்கு மட்டும் கூடுதலாக வேறொரு மருந்து தேவைப்பட்டது.

ஆயினும் அட்ராவை மட்டும் அளித்தபோது பெரும்பாலோருக்கு நோய் மீண்டது. ஆகவே இது வேதிமருந்துகளுடனோ ஆர்செனிக் டிரைஆக்சைடுடனோ சேர்த்து அளிக்கப்படுகிறது. மேலும், உயிரணுக்கள் உடலினுள் முதிரும்போது சிலருக்குக் காய்ச்சல், மூச்சுத்திணறல் போன்றவை தோன்றலாம். உடனே கவனிக்காவிடில் உயிருக்கு ஆபத்து நேரும். வளர்ப்புக் கலத்தில் உள்ள உயிரணுக்களைக் கொண்டு மட்டும் இவ்விளைவை அறிய இயலாது.